மேற்கோள் எண்ணிக்கையும் ஆய்வின் ஏற்றமும்

முன்னுரை

தம் கருத்துக்கு அரணாக முன்னோர் மொழியை எடுத்துக்காட்டுதல் கற்றோர் மரபு. உரையாசிரியர்கள் மேற்கோளாகக் காட்டியதனாலேயே, மறைந்துபோன தமிழ் நூல்கள் சிலவற்றின் பாடல்கள் இன்றும் நமக்குக் கிடைக்கின்றன. இயந்திரக் கலையிலும் இம்மரபு உண்டு. 1206-ஆம் ஆண்டில் தம் இயந்திரவியல் நூலை நிறைவு செய்த அல்-ஜஸரீ, நீரூற்றுகளைப் பற்றி எழுதுங்கால், தமக்கு முன் பக்தாதில் வாழ்ந்த பனூ மூஸா சகோதரர்களின் அமைப்பைப் பெயர் சுட்டிக் கூறி, அதன் குறையையும் எடுத்துக்காட்டிய பின்னரே தம் அமைப்பை விளக்குகிறார்.

இன்றோ மேற்கோள், எண்ணிப் பார்க்கும் பொருளாகிவிட்டது. ஓர் ஆய்வாளர் எத்தனை கட்டுரைகளை வெளியிட்டார், அவை எத்தனை முறை மேற்கோளாகச் சுட்டப்பட்டன என்னும் கணக்கு, பணியமர்த்தத்திற்கும் பதவி உயர்வுக்கும் துணைபோகிறது. இவ்வளவுகோல் எதனை அளக்கிறது, எதனை அளக்கத் தவறுகிறது என்பதை, ஜெர்மானிய இயந்திரப் பொறியியலறிஞர் லுட்விக் பிராண்டிலின் (1875–1953) ஆய்வுரை ஒன்றின் வழியே காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எண்ணும் முறைகள்

அறிவியல் கட்டுரைகளுக்கு மேற்கோள் அட்டவணை வேண்டும் என்று அமெரிக்க அறிஞர் யூஜின் கார்ஃபீல்டு 1955-இல் எழுதினார். 1964 முதல் அவருடைய நிறுவனம் அத்தகைய அட்டவணையை வெளியிட்டது. ஒரு கருத்து எவரெவரைச் சென்றடைந்தது என்று தேடிக் காண்பதற்கு அது பெரிதும் பயன்பட்டது. பின்னர், ஆய்விதழ்களை ஒப்பிடத் 'தாக்கக் காரணி' எழுந்தது. ஓர் இதழ் முந்தைய 2 ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகள், கணக்கிடப்படும் ஆண்டில் சராசரியாக எத்தனை முறை சுட்டப்பட்டன என்பதே அதன் பொருள். 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்னும் இயற்பியலறிஞர், ஆய்வாளருக்கென ஓர் எண்ணை வகுத்தார். ஒருவருடைய கட்டுரைகளுள் 10 கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது 10 முறை சுட்டப்பட்டு, 11 கட்டுரைகள் 11 முறை என்னும் நிலையை எட்டாதிருப்பின், அவர்தம் எண் 10 ஆகும்.

எட்டுப் பக்க ஆய்வுரை

பிராண்டில் இளமையில் நூரம்பர்க் நகர இயந்திரத் தொழிற்சாலை ஒன்றில் பணிபுரிந்தார். பட்டறைச் சீவல்களைக் காற்றால் உறிஞ்சி அகற்றும் கருவியைச் செம்மைப்படுத்தும்போது, விரிந்து செல்லும் குழாயில் அழுத்தம் தாம் எதிர்பார்த்தவாறு உயராமையைக் கண்டார். காற்றோட்டம் குழாய்ச் சுவரைவிட்டு விலகுவது ஏன் என்னும் வினா அவருள்ளத்தில் நிலைத்தது.

அதற்கு அவர் கண்ட விடை, 1904-இல் ஹைடல்பர்க் நகரில் நடைபெற்ற உலகக் கணித அறிஞர் மாநாட்டில் ஒரு சிற்றுரையாக வெளிப்பட்டது. மறு ஆண்டு அச்சேறியபோது அது 8 பக்கங்களே கொண்டிருந்தது. காற்று, நீர் போன்றவை ஒரு பொருளின்மீது பாயும்போது, பரப்பை ஒட்டிய மெல்லிய படலத்தில்தான் உராய்வு மேலோங்கி நிற்கிறது. அதற்கு அப்பால் உராய்வைப் புறக்கணித்துக் கணக்கிடலாம் என்பதே அவ்வுரையின் சாரம். உராய்வே இல்லையெனக் கொண்ட பழைய கணிதம், சீராகச் செல்லும் பொருளுக்குத் தடையே இராது என்று கூறி அனுபவத்தோடு முரண்பட்டது. எல்லைப் படலம் என்னும் இக்கருத்து அம்முரணைத் தீர்த்து, விமானச் சிறகு, கப்பல், சுழலி ஆகியவற்றின் வடிவமைப்புக்கு அடிப்படையாயிற்று.

அளவுகோலின் குறை

இவ்வாய்வுரையை இன்றைய அளவுகோல்களில் வைத்துப் பார்ப்போம். படலத்தின் சமன்பாடுகளைத் தட்டைத் தகட்டுக்குப் பொருத்தித் தீர்வு கண்ட மாணவர் பிளாசியஸின் கட்டுரை, 1908-இல் ஆய்விதழில் வெளிவந்தது. 2 ஆண்டுக் கணக்கில் 1906, 1907 ஆகிய ஆண்டுகளே அடங்கும். எனவே அக்கட்டுரை தரும் மேற்கோள் கணக்கில் சேராது. ஹிர்ஷ் எண்ணின்படியோ, ஓராய்வுரை ஆயிரமாயிரம் முறை சுட்டப்படினும், அது தனித்துத் தரும் மதிப்பு 1 மட்டுமே.

பெயர் மறைந்த புகழ்

இதனினும் நுட்பமான குறை ஒன்றுண்டு. ஒரு கருத்து பாடநூலில் இடம்பெற்று அனைவர்க்கும் பொதுவானபின், அதனைக் கையாள்வோர் மூல ஆய்வுரையைச் சுட்டுவதில்லை. உள்வாங்கப்படுவதனாலேயே மூலம் மறையும் இந்நிலையைச் சமூகவியலறிஞர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியுள்ளார். எல்லைப் படலம் பற்றி எழுதுவோருள் பலர் 1904-ஆம் ஆண்டு உரையைக் குறிப்பதில்லை. வெப்பப் பரிமாற்றக் கணக்கில் 'பிராண்டில் எண்' என எழுதும் மாணவரும் அவருடைய கட்டுரை எதனையும் அடிக்குறிப்பில் தருவதில்லை. ஆழ வேரூன்றிய ஆய்வு, கணக்கேட்டிலிருந்து நழுவிவிடுகிறது!

முடிவுரை

மேற்கோள் எண்ணிக்கை ஒரு படைப்பு எத்தனை முறை பெயர் சுட்டப்பட்டது என்பதைக் காட்டும். அது எத்துணை ஆழமாக வாழ்கிறது என்பதைக் காட்டாது. எண்ணே குறிக்கோளாகும்போது, ஒரே ஆய்வைப் பல கட்டுரைகளாகக் கூறுபோடுதலும், நண்பர்கள் ஒருவரையொருவர் வலிந்து சுட்டிக்கொள்ளுதலும் நிகழ்கின்றன. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் பொன்மொழிகளைத் தொகுத்த அறிஞர்கள், அறிவிப்பாளர் எத்தனை பேர் என்பதோடு நில்லாமல், ஒவ்வொருவரின் வாய்மையையும் நினைவாற்றலையும் ஆராய்ந்த பின்னரே செய்தியை ஏற்றனர். அந்நெறி ஆய்வுலகிற்கும் பொருந்தும். மேற்கோள் என்பது முன்னோர் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். படித்துணர்ந்து சுட்டுவது எழுதுவோர் கடன். எண்ணிப் பார்ப்பதோடு அமையாது படித்துப் பார்த்து மதிப்பிடுவது ஆராய்வோர் கடன்.