பழைய வண்டியும் மசகெண்ணெயும்

ஆனையூரில் பழைய மோட்டார் வண்டி ஒன்றையே நம்பி வாழுங் குடும்பங்கள் உள. வண்டி இரண்டு லட்சம் கிலோமீட்டர் ஓடியபின், கெட்டியான எண்ணெய் ஊற்றினாற் போதுமென்பர் சிலர். அது தக்கதோவென ஆராய்வாம்.

எண்ணெய்க் கலத்தில் 20டபிள்யூ-40 என்றிருப்பின், முன்னெண் குளிரிலும், பின்னெண் 100 பாகை சென்டிகிரேடு வெப்பத்திலும் அதன் கெட்டித்தன்மையைக் குறிக்கும். மதுரைச் சமவெளியிற் கடுங்குளிரின்மையால் பின்னெண்ணையே நாம் பெரிதும் நோக்கல் வேண்டும். தேய்ந்த இயந்திரத்தில் இடைவெளி பெருகும். மெல்லிய எண்ணெய் அவ்வழியே நழுவ, அழுத்தங் குறையும். ஆகலின் 30க்குப் பதிலாக 40 உதவலாம். அளவுக்கு மிஞ்சிக் கெட்டியாயினோ, காலையிற் கிளப்புங்கால் எண்ணெய் மெல்லவே ஏறும்; அதுவரை உறுப்புகள் உராய்ந்து தேயும்.

நீலப்புகை வரின் பிஸ்டன் வளையங்களையும், தரையிற் சொட்டின் கேஸ்கட்டையும் முதற்கண் சோதிக்க. பின்னர், வண்டி செய்தோர் தந்த கையேடு இசையுமாயின் ஒருபடி மட்டும் ஏறுக. எண்ணெய் தேய்வைத் தாமதிக்கும். தேய்ந்ததை மீட்டுத் தாராது.