முதல் களப்பயணத்தை நடத்தப்போகும் இளம் ஆசிரியருக்கு

சர்வதேசப் பள்ளிகளில் களப்பயணம் பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. ஐ.பி. (இன்டர்நேஷனல் பாக்கலரியேட்) டிப்ளமாவில் புவியியல் எடுத்த மாணவர் களத்தில் தாமே தரவு திரட்டி, 2,500 சொல்லுக்கு மிகாத அறிக்கை எழுதியாக வேண்டும். படைப்பு, செயல்பாடு, சேவை என மூன்றையும் சேர்த்துச் சொல்லும் சி.ஏ.எஸ். பணியைக் குறைந்தது 18 மாதம் தொடர்ந்து செய்யாதவருக்கு டிப்ளமாவே கிடையாது. ஆகவே, பருவத் தொடக்கத்தில் "வரவிருக்கும் நிகழ்வுகள்" என்று பெற்றோருக்குப் போகும் அட்டவணையை எழுதுபவர் பாடத்தைத்தான் எழுதுகிறார். பல பள்ளிகளில் அந்த வேலை பணியில் சேர்ந்த முதல் ஆண்டிலேயே இளம் ஆசிரியரின் தலையில் வந்து அமர்கிறது. சென்னையில் அப்படி ஒரு பொறுப்பை ஏற்றிருப்பவருக்கானது இக்கடிதம்.

அட்டவணையை முதலில் தீர்மானிப்பது வானம். சர்வதேசப் பள்ளி ஆண்டு ஆகஸ்டில் தொடங்கி ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. ஆகஸ்டு, செப்டம்பரில் வெயில் இன்னும் தணிந்திருக்காது. 1851-இல் தொடங்கப்பட்ட எழும்பூர் அரசு அருங்காட்சியகம் போன்ற கூரைக்குக் கீழான இடங்களே அப்போது ஏற்றவை. அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. அந்த மாதங்களில் ஒரு பயணத்தை வைத்தால் மாற்றுத் தேதியையும் அதே சுற்றறிக்கையில் அச்சிட்டுவிட வேண்டும். ஜனவரி முதல் மார்ச் வரையிலான பதினோரு, பன்னிரண்டு வாரங்கள்தான் பொன்னான காலம். வேடந்தாங்கலில் பறவைகள் கூடு கட்டிக் குஞ்சு வளர்ப்பதும், கடற்கரைக்குப் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் இந்தக் காலத்தில்தான். மே மாதம் மேல்வகுப்புகளுக்குத் தேர்வு. விடுமுறை நாள்களையும் முன்கூட்டியே கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது: அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், முதலைப் பண்ணைக்குத் திங்கள் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நாள் உண்டு. மூடிய வாசலில் மூன்று பஸ் பிள்ளைகளோடு போய் நிற்பதை ஒரு தொலைபேசி அழைப்பு தவிர்த்துவிடும்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கிழக்குக் கடற்கரைச் சாலை ஒரு பெரிய சோதனை. முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா, வடநெம்மேலியில் முதலைப் பண்ணை, அதற்கும் தெற்கே மாமல்லபுரம் என மூன்றும் ஒரே சாலையில் வரிசையாக இருக்கின்றன. காலை எட்டு மணிக்குக் கிளம்பினால் மூன்றையும் ஒரே நாளில் பார்த்துவிடலாம் என்று கணக்குப் போடத் தோன்றும். பிள்ளைகள் அன்று பார்ப்பதெல்லாம் பஸ்ஸின் உட்புறத்தைத்தான். ஒரு நாளுக்கு ஓர் இடம், ஓர் இடத்துக்கு ஒரு கேள்வி என்பதே இந்தத் தொழிலில் தேறிய வழி. வகுப்பறையில் உட்கார்ந்து விடை காண முடியாததாக அந்தக் கேள்வி இருக்க வேண்டும். கூகுளில் கிடைத்துவிடும் விடைக்காக யாரும் ஐம்பது கிலோமீட்டர் போக வேண்டியதில்லை.

மாமல்லபுரத்தின் ஐந்து ரதங்களைக் கொண்டு இதை விளக்கலாம். 1984-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இடம் அது. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை, ஒற்றைக்கல், முதலாம் நரசிம்மவர்மன் என்று வழிகாட்டி ஒப்பிக்கும் செய்திகளை ஆறாம் வகுப்புப் பிள்ளை வாசலைத் தாண்டுவதற்குள் மறந்துவிடும். அதற்குப் பதிலாக, "இதை மேலிருந்து கீழே செதுக்கினார்களா, கீழிருந்து மேலேயா?" என்று மட்டும் கேட்டுவிட்டு ஆசிரியர் ஒதுங்கி நிற்கட்டும். முதலில் ஊகங்கள் வரும். பிறகு யாராவது ஒரு பிள்ளை பீம ரதத்தின் அடிப்பகுதிக்குப் போய்க் குனியும். மேலே கூரையும் சிறு மாடங்களும் நேர்த்தியாக முடிந்திருக்க, கீழ்த்தளம் கரடுமுரடாக, வேலை பாதியில் நின்றுபோன நிலையில் இருப்பது கண்ணில் படும். அதுதான் சான்று. தர்மராஜ ரதத்திலும் அதையே சோதித்துப் பார்க்கச் சொல்லலாம். அதன்பின் கடற்கரைக் கோயிலுக்கு நடந்தால், பிந்தைய பல்லவ மன்னன் ராஜசிம்மன் காலத்தில் வெட்டிய கற்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கீழிருந்து மேலே எழுப்பிய கட்டுமானம் எதிரே நிற்கும். ஒரே ஊரில், சில தலைமுறை இடைவெளியில், கோயில் எழுப்பும் முறையே தலைகீழாகியிருப்பதைப் பிள்ளைகள் தாங்களே கண்டுபிடிக்கிறார்கள். கடலைப் பார்த்த சிற்பங்கள் உப்புக்காற்றில் மழுங்கிப்போயிருப்பதை அறிவியல் ஆசிரியர் தம் பங்குக்குக் காட்டலாம்.

அதே ஊரின் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்னும் இதே முறைதான். பின்னங்காலில் நின்று தவம் செய்யும் பூனையும் அதைச் சுற்றி எலிகளும் எங்கே இருக்கின்றன என்று சொல்லிவிடக் கூடாது. தேட விட வேண்டும். தேடும்போதுதான் கண் மற்றவற்றையும் பார்க்கிறது. அது அர்ச்சுனன் தவமா, பகீரதன் தவமா என்ற பழைய வழக்கை மேல்வகுப்புகளிடம் ஒப்படைக்கலாம். பாறைப் பிளவில் நீர் வழிந்து வர மேலே செய்யப்பட்டிருந்த ஏற்பாட்டை ஒரு தரப்பு சான்றாகக் காட்டும். மறுதரப்பு வேறொன்றைக் காட்டும். அறிஞர்களிடையே முடியாத வாதம் பதினான்கு வயதில் முடிய வேண்டிய அவசியமில்லை.

இடம் எவ்வளவு புதியதோ அவ்வளவுக்குப் பாடம் குறையும். இதை 1994-இல் நீர் ஓரியன், அவி ஹோஃப்ஸ்டைன் என்ற இரு இஸ்ரேலிய ஆய்வாளர்கள் பள்ளி மாணவரின் நிலவியல் களப்பயணங்களை வைத்து ஆராய்ந்து எழுதினர். தெரியாத பாடம், தெரியாத இடம், அன்று என்ன நடக்கும் என்று தெரியாத நிலை ஆகிய மூன்றும் சேர்ந்து மாணவரின் கவனத்தைத் தின்றுவிடுகின்றன. முன்கூட்டியே இவற்றைக் குறைத்தால் கற்றல் கூடுகிறது என்பது அவர்கள் முடிவு. நடைமுறையில் இது மிக எளிய வேலை. முந்தைய வாரம் இடத்தின் வரைபடத்தைச் சுவரில் ஒட்ட வேண்டும். எத்தனை மணிக்குச் சாப்பாடு, கழிப்பறை எங்கே, கடையில் பொருள் வாங்கலாமா கூடாதா என்று முன்னதாகவே சொல்லிவிட வேண்டும். கழிப்பறை பற்றிய கவலை ஓர் ஏழு வயதுக் குழந்தையின் அரை நாளை விழுங்கிவிடும். பெரியவர்களுக்கு இது மறந்துபோகிறது.

ஆசிரியர் முன்பே ஒருமுறை தனியாகப் போய்ப் பார்த்து வருவது இதைவிட முக்கியம். இதை மிச்சம் பிடிக்கும் பள்ளிகள் உண்டு. நேரம் கொடுக்காவிட்டால் ஆசிரியர் கேட்டுப் பெற வேண்டும். போகும்போது பயணத்துக்குக் குறித்திருக்கும் அதே கிழமை, அதே நேரமாக இருப்பது நலம். பஸ் எங்கே நிற்கும், இறங்கும் இடத்திலிருந்து வாசல் வரை சாலையைக் கடக்க வேண்டுமா, நண்பகலில் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது, குடிநீர் உண்டா, அருகிலுள்ள மருத்துவமனை எவ்வளவு தூரம், சக்கர நாற்காலி எதுவரை போகும் ஆகியவை இணையதளத்தில் கிடைக்காத செய்திகள்.

சர்வதேசப் பள்ளி வகுப்பின் அமைப்பு வேறு ஒரு கவனத்தையும் கேட்கிறது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்காக வந்த கொரிய, ஜப்பானியக் குடும்பங்களின் பிள்ளைகள், வெளிநாட்டில் வளர்ந்து திரும்பிய தமிழ்ப் பிள்ளைகள், வட இந்தியப் பிள்ளைகள் என ஒரே பஸ்ஸில் பல ஊர்கள் உட்கார்ந்திருக்கும். மூன்று ஆண்டு சென்னையில் இருந்தும் வீடு, பள்ளி, மால் தவிர வேறெதையும் பார்க்காத பிள்ளைகள் இவர்களில் அதிகம். இந்த ஊரை அறிந்தவர்கள் அதே பஸ்ஸில் இருக்கிறார்கள்: ஓட்டுநர் அண்ணனும், உடன் வரும் ஆயா அக்காவும். கோவளம் மீன்பிடிக் குப்பம் பற்றியோ, 2004 சுனாமி அன்று இந்தச் சாலை எப்படி இருந்தது என்பது பற்றியோ அவர்கள் அறிந்ததை எந்த வழிகாட்டி நூலும் சொல்லாது. அவர்கள் விரும்பினால் பத்து நிமிடம் பேசச் சொல்லி, ஆசிரியர் மொழிபெயர்க்கலாம். பயணத் திட்டத்தில் அவர்கள் பெயரையும் சாப்பாட்டையும் சேர்ப்பது அதற்கு முந்திய மரியாதை.

உள்ளூர் அறிவை மதிப்பதற்கு முதலைப் பண்ணைப் பயணம் நல்ல எடுத்துக்காட்டு. ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976-இல் தொடங்கிய இடம் அது. அங்கேயே 1978 முதல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் இயங்குகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சை எடுத்து மருந்து நிறுவனங்களுக்குத் தருகிறார்கள்; நாட்டில் பாம்புக்கடிக்குப் போடும் ஊசி மருந்து பெரும்பாலும் இதிலிருந்துதான் பிறக்கிறது. இருளர்களான வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2023-இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குப் போய் மலைப்பாம்பு பிடித்துக் காட்டியவர்கள் அவர்கள். பிள்ளைகளுக்கு முன்னால் நஞ்சு எடுப்பவரை நிபுணராகவே அறிமுகப்படுத்த வேண்டும். வேடிக்கை காட்டுபவராக அவரை நிறுத்தும் பயணம் எவ்வளவு சிறப்பாக நடந்தாலும் தவறான பயணமே.

"சேவை" என்ற தலைப்பில் நடக்கும் பயணங்களில் இந்தத் தவறு மலிந்து கிடக்கிறது. ஆதரவற்றோர் இல்லத்துக்குப் போய், பென்சில் பெட்டி கொடுத்து, படம் எடுத்துத் திரும்புவது சேவையல்ல. அந்தக் குழந்தைகளின் முகம் பள்ளி இதழில் வருவதற்கு அவர்களிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை. சேவையைச் செய்வதானால் நீண்ட காலம் செய்யக்கூடிய ஒன்றாகப் பார்க்க வேண்டும். கடலாமைப் பணி அப்படிப்பட்டது. சென்னையில் 1988-இல் மாணவர்களே தொடங்கிய கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு, பருவத்தில் இரவு நேரக் கடற்கரை நடைகளை நடத்துகிறது. பங்குனி ஆமை ஒரு குழியில் ஏறத்தாழ நூறு முட்டையிடும். ஒன்றரை மாதத்துக்கு மேல் கழித்துக் குஞ்சு பொரியும். ஆகவே பிப்ரவரியில் ஒரு நடை, ஏப்ரலில் குஞ்சு கடலுக்குப் போவதைப் பார்க்க ஒரு நடை என்று இரண்டையும் ஒரே பாடமாக இணைக்கலாம். இடைப்பட்ட வாரங்களில் மணலின் வெப்பம் குஞ்சின் பாலினத்தைத் தீர்மானிப்பதையும், கரையோர விளக்குகள் குஞ்சுகளைத் திசை மாற்றுவதையும் வகுப்பில் படிக்கலாம். அன்றிரவு செல்பேசி விளக்கு கூடாது என்ற விதிக்கு அதன்பின் யாரும் விளக்கம் கேட்பதில்லை.

பாதுகாப்பைப் பற்றி மென்மையாகப் பேச முடியாது. 2014 ஜூன் 8 அன்று இமாசலப் பிரதேசத்தின் பியாஸ் ஆற்றில், அணையிலிருந்து திடீரெனத் திறந்துவிட்ட நீர் 24 பொறியியல் மாணவர்களை அடித்துச் சென்றது. பாறைமேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். 2024 ஜனவரி 18 அன்று வதோதராவின் ஹர்ணி ஏரியில், அளவுக்கு மீறி ஏற்றிய படகு கவிழ்ந்து 12 பள்ளிப் பிள்ளைகளும் இரண்டு ஆசிரியைகளும் இறந்தார்கள். படகில் பலருக்கு உயிர்காப்புச் சட்டை இல்லை. படகு ஏறும் இடம் பிச்சாவரமோ முட்டுக்காடோ, சட்டை எண்ணிக்கையும் பிள்ளைகள் எண்ணிக்கையும் ஒன்றாக இல்லாவிட்டால் ஏறக் கூடாது. டிக்கெட் வாங்கியாயிற்று, மற்றவர்கள் ஏறிவிட்டார்கள், பிள்ளைகள் அழுகிறார்கள் என்பவை காரணமாகா. மாமல்லபுரக் கடலில் கால் நனைப்பதற்கும் இதே பதில்தான். வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் உடன் போகும் மிக இளைய ஆசிரியருக்கும் உண்டு என்பதைப் பள்ளி எழுத்தில் தந்திருக்க வேண்டும்.

மற்றவை பழக்கத்தில் வந்துவிடும். ஏறும்போது, இறங்கும்போது, சாப்பாட்டுக்கு முன், கழிப்பறைக்குப் பின் என ஒவ்வொரு தடவையும் பெயர் சொல்லி எண்ண வேண்டும். தலையை மட்டும் எண்ணினால் வேறு பள்ளிப் பிள்ளை ஒன்று சேர்ந்தும் கணக்குச் சரியாக வரலாம். சிறு வகுப்பில் ஆறு பிள்ளைகளுக்கு ஒரு பெரியவர் இருந்தால் நிம்மதி. இன்ஹேலர், ஒவ்வாமை ஊசி, ஓ.ஆர்.எஸ். பொட்டலம் ஆகியவை ஆசிரியர் தோளில் தொங்கும் பையில் இருக்க வேண்டும். பஸ்ஸில் விட்டுப் போகும் முதலுதவிப் பெட்டி பயன்படாது.

பெற்றோருக்குப் போகும் கடிதம் ஒரு பக்கத்துக்குள் முடியட்டும். போகும் இடம், போவதன் காரணம், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், கட்டணம், உணவு, அவசரத் தொடர்பு எண் ஆகியவை போதும். கட்டணம் கட்ட இயலாத பிள்ளை இருந்தால் அது வகுப்பில் யாருக்கும் தெரியாமல் சரிசெய்யப்பட வேண்டும். உதவித்தொகையில் படிக்கும் பிள்ளைகள் சர்வதேசப் பள்ளிகளிலும் இருக்கிறார்கள். சம்மதம் தராத பெற்றோரிடம் ஒருமுறை நேரில் பேசிப் பார்க்கலாம். வற்புறுத்தக் கூடாது. பள்ளியில் தங்கும் பிள்ளைக்கு அன்று உண்மையான ஒரு வேலை காத்திருக்க வேண்டும்.

திரும்பி வந்த மறுநாள் முதல் பாடவேளையைப் பயணத்துக்கே ஒதுக்க வேண்டும். இரண்டு நாள் தள்ளிப்போட்டால் பேச்சு பஸ்ஸில் பாடிய பாட்டுக்கும் வழியில் வாங்கிய ஐஸ்கிரீமுக்கும் போய்விடும். கேட்ட கேள்விக்கு என்ன விடை கிடைத்தது, எந்தச் சான்றால் என்று எழுதவோ வரையவோ செய்த பின்தான் மற்றவை. நன்றிக் கடிதத்தைப் பிள்ளைகளே எழுதி அந்த இடத்துக்கு அனுப்பட்டும். அடுத்த ஆண்டு கதவு எளிதாகத் திறக்கும். எவ்வளவு நேரம் வீணானது, எந்தக் கேள்வி எடுபடவில்லை, எந்த வழிகாட்டி நன்றாகப் பேசினார், செலவு எவ்வளவு என்பதை ஆசிரியர் அந்த வாரமே இரண்டு பக்கம் எழுதிக் கோப்பில் சேர்க்க வேண்டும். அடுத்த ஆண்டு அட்டவணை உருவாகும்போது அந்த இரண்டு பக்கமும் ஒருங்கிணைப்பாளர் மேசையில் இருக்க வேண்டும்.