100 எந்தக் குழுவில் சேரும்?

2013 ஜூன் 23ஆம் தேதி ஜொகூர் மாநிலத்தின் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு (ஐபியு) 746ஐத் தொட்டது. மூவார், லேடாங் வட்டாரங்களில் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இந்தக் குறியீட்டை நாம் எண்ணாக மட்டும் பார்ப்பதில்லை. 0–50 நன்று, 51–100 மிதம், 101–200 ஆரோக்கியமற்றது, 201–300 மிகவும் ஆரோக்கியமற்றது, 300க்கு மேல் அபாயகரம் என்று ஐந்து குழுக்களாகப் பார்க்கிறோம்.

மாணவர்களே, எக்செல், பவர் பிஐ போன்ற மென்பொருள்களும் எண்களைக் குழுக்களாகப் பிரித்துத் தரும். ஆனால் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பது அவற்றுக்குத் தெரியாது. அதை நாம்தான் சொல்ல வேண்டும்.

பயிற்சிக்காகப் பத்து நாள் ஐபியு எண்களை நாமே எடுத்துக்கொள்வோம்: 42, 50, 51, 68, 97, 100, 104, 137, 188, 206. எக்செல் பிவோட் டேபிளில் இவற்றை வரிசைகளாக வைத்து, ஓர் எண்ணின் மீது வலது சொடுக்கிட்டு, 'குரூப்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். தொடக்கம் 0, இடைவெளி 100 என்று கொடுங்கள். 0–99இல் 5 நாள், 100–199இல் 4 நாள், 200க்கு மேல் 1 நாள் என்று வரும்.

பார்க்க ஒழுங்காக இருக்கிறது, ஆனால் பயன்படாது. 42உம் 97உம் ஒரே குழுவில் கிடக்கின்றன. 'மிதம்' என்பதில் சேர வேண்டிய 100, 188உடன் போய்ச் சேர்ந்துவிட்டது. ஐபியு 100ஐத் தாண்டிய நாளில் திடலில் பயிற்சி கூடாது என்று வைத்துக்கொள்வோம். விளையாட்டு ஆசிரியர் இந்த அட்டவணையைப் பார்த்தால் 5 நாள் என்பார். உண்மையில் 4 நாள்தான். இடைவெளியை 50 ஆக்கினாலும் சிக்கல் தீராது. 50 என்ற எண் 'நன்று' குழுவை விட்டு அடுத்ததற்குத் தாவிவிடும்.

ஐபியு குழுக்கள் சம அகலம் கொண்டவை அல்ல. ஆகவே 'குழு' என்று புதிய நெடுவரிசை ஒன்றை உருவாக்கி, இஃப் சார்பால் நாமே விதி எழுதுவது நல்லது. 50 அல்லது அதற்குக் குறைவா? நன்று. இல்லையென்றால், 100 அல்லது அதற்குக் குறைவா? மிதம். இப்படியே மேலே போங்கள். முதலில் பொருந்தும் விதியே வெல்லும் என்பதால் வரிசை முக்கியம். '300 அல்லது அதற்குக் குறைவா?' என்று தொடங்கினால் பத்து நாளும் 'மிகவும் ஆரோக்கியமற்றது' ஆகிவிடும்! சரியாக எழுதினால் நன்று 2, மிதம் 4, ஆரோக்கியமற்றது 3, மிகவும் ஆரோக்கியமற்றது 1 என்று கிடைக்கும்.

இப்போது பதினோராம் நாள். அளவுக் கருவி பழுது; கட்டம் காலியாக இருக்கிறது. நம் விதி அந்த நாளை என்ன சொல்லும் தெரியுமா? 'நன்று' என்று சொல்லும்! காலிக் கட்டத்தை 0 என்று எடுத்துக்கொண்டு, 0 என்பது 50க்குக் குறைவு என்று எக்செல் முடிவு செய்துவிடும். எந்தப் பிழைச் செய்தியும் வராது. புகைமூட்டம் சூழ்ந்த நாளில் கருவி நின்றுபோனால், அட்டவணையில் அதுவே மிகத் தூய்மையான நாளாகத் தெரியும். என்னைக் கேட்டால், இந்தப் பாடத்தில் மிக ஆபத்தான இடம் இதுதான். எனவே எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு விதி சேருங்கள்: கட்டம் காலியா? 'பதிவு இல்லை'.

சின்ன விஷயம் ஒன்று. குழுப் பெயர்களை மென்பொருள் அகர வரிசையில் அடுக்கினால் 'அபாயகரம்' முதலில் வந்து நிற்கும். '1 நன்று', '2 மிதம்' என்று முன்னால் எண் போட்டுவிட்டால் வரிசை கலையாது.

அதிகாரப்பூர்வக் குழுக்கள் ஐந்துதான் என்றாலும், உங்கள் கேள்விக்கு ஏற்ப இன்னொன்றைச் சேர்க்கலாம். 300க்கு மேல் எல்லாம் 'அபாயகரம்' என்று விட்டால், 310உம் மூவாரின் 746உம் ஒன்றாகிவிடும். மலேசியாவில் ஐபியு 500ஐத் தாண்டினால் அவசரநிலை அறிவிக்கப்படலாம். ஆகவே 500க்கு மேல் ஆறாவது குழு ஒன்றை உங்கள் அட்டவணையில் சேர்த்துப் பாருங்கள். அந்த விதியை எத்தனையாவது வரியில் எழுதுவீர்கள்?