கண் கூசாத வெளிச்சம்

ராஜு பிக்கப் வண்டி ஓட்டுகிறார். கர்நாடகத்தில் உள்ள கோலார் தங்கவயல் அவருடைய ஊர். அவருடைய அப்பா தங்கச் சுரங்கத்தில் வேலை செய்தவர். 2001ஆம் ஆண்டில் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். அதன் பிறகு ராஜு வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டார்.

சுற்றுக் கிராமங்களில் தக்காளி விளைகிறது. கோலாரில் பெரிய தக்காளி மண்டி இருக்கிறது. விடியும் முன் தக்காளிப் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு ராஜு மண்டிக்குப் போவார். போகும்போது வண்டி நிறையச் சுமை. திரும்பும்போது வண்டி காலி.

சில நாட்களாக ராஜுவுக்கு ஒரு கோபம். எதிரே வரும் வண்டிக்காரர்கள் எல்லாரும் அவரைப் பார்த்து விளக்கை அணைத்து அணைத்துப் போட்டார்கள்.

"நான் டிம்தானே போட்டிருக்கிறேன்! இன்னும் என்ன செய்யச் சொல்கிறார்கள்?" என்று வீட்டில் வந்து சொல்வார்.

அந்த விடியற்காலை

ஒரு நாள் அதிகாலை நான்கரை மணி. சாலையில் தெருவிளக்கு இல்லை. எதிரே ஒருவர் சைக்கிளில் வந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் கேன்கள் தொங்கின. ராஜு அவரைப் பார்த்து டிம் போட்டார். ஆனாலும் சைக்கிள் தடுமாறியது. சாலையை விட்டு இறங்கிப் பள்ளத்தில் சாய்ந்தது.

ராஜு வண்டியை ஓரம் கட்டி ஓடினார். பால்காரர் வயதானவர். முழங்கையில் ரத்தம். கேனில் இருந்த பால் முழுவதும் மண்ணில் கொட்டிக் கிடந்தது.

"ஐயா, நான் டிம் போட்டேனே" என்றார் ராஜு.

"போட்டாயோ என்னவோ, தம்பி. எனக்கு எல்லாம் வெள்ளையாகத் தெரிந்தது. சாலை எங்கே முடிகிறது, பள்ளம் எங்கே தொடங்குகிறது என்று ஒன்றும் தெரியவில்லை" என்றார் பெரியவர்.

ராஜு அவரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். கொட்டிய பாலுக்குப் பணம் கொடுத்தார். நல்ல வேளை, எலும்பு முறியவில்லை. ஆனால் ராஜுவுக்கு மனம் ஆறவில்லை. ‘பெரியவர் பள்ளத்தின் பக்கம் சாய்ந்தார். வண்டியின் பக்கம் சாய்ந்திருந்தால்?’ என்று நினைத்தார். அன்று அவரால் சாப்பிட முடியவில்லை.

செல்வி படித்த எண்

ராஜுவின் மனைவி செல்வி மாலை வகுப்புக்குப் போய் எழுதப் படிக்கக் கற்றவர். நடந்ததைக் கேட்டுவிட்டு, "என்னங்க, போன மாதம் புது பல்பு போட்டீங்களே, அந்த அட்டைப் பெட்டி எங்கே?" என்று கேட்டார்.

பெட்டி அலமாரியில் இருந்தது. செல்வி அதை எடுத்துப் படித்தார். "12 வோல்ட், 100/90 வாட் என்று போட்டிருக்கு."

பிறகு பழைய பல்பை எடுத்து அதன் அடியில் உள்ள எழுத்தைப் பார்த்தார். அதில் 60/55 வாட் என்று இருந்தது. வண்டியோடு வந்த கையேட்டிலும் 60/55 என்றே இருந்தது.

"முதல் எண் பிரைட்டுக்கு, இரண்டாவது எண் டிம்முக்கு. பழைய பல்பில் டிம் 55. புது பல்பில் டிம் 90. பழைய பல்பின் பிரைட்டைவிட இதன் டிம்மே அதிகம்!" என்றார் செல்வி.

ராஜு திகைத்துப் போனார். "அதிக வெளிச்சம் நல்லது என்று கடைக்காரர் சொன்னார், வாங்கிவிட்டேன்" என்றார்.

பட்டறையில்

மறுநாள் ராஜு மெக்கானிக் பாஷா பாயிடம் போனார். பாய் முதலில் பல்பைக் கழற்றிக் காட்டினார்.

"இதற்குள் இரண்டு இழைகள் இருக்கின்றன, தம்பி. ஒன்று பிரைட். இன்னொன்று டிம். டிம் இழைக்குக் கீழே சின்னத் தகடு இருக்கிறதே, பார். அதுதான் வெளிச்சம் மேலே போகாமல் மறைக்கிறது. இழை அதன் இடத்தில் சரியாக இருந்தால்தான் வெளிச்சம் சாலையில் விழும். பொருந்தாத பல்பு போட்டால் வெளிச்சம் சிதறும். இந்தப் பல்புக்கான ஹெட்லைட்டில் எல்.ஈ.டி. பல்பைச் செருகினாலும் அதே கதைதான். சூடு அதிகமானால் உள்ளே இருக்கும் கண்ணாடிப் பூச்சும் வயரும் கெட்டுப்போகும்."

பாய் 60/55 பல்புகளை மாட்டினார். ராஜு கிளம்பப் பார்த்தார். பாய் நிறுத்தினார்.

"இரவில் நீ காலி வண்டியா ஓட்டுகிறாய்?"

"இல்லை பாய், முழுச் சுமை."

"அப்படியானால் வேலை இன்னும் முடியவில்லை. சுமை ஏற்றினால் வண்டியின் பின்பக்கம் அமுங்கும். முன்பக்கம் நிமிரும். வண்டியோடு சேர்ந்து வெளிச்சமும் நிமிரும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே இரண்டரை மீட்டர் என்று வைத்துக்கொள். பின்பக்கம் 5 சென்டிமீட்டர் மட்டும் அமுங்கினால், 50 மீட்டர் தூரத்தில் வெளிச்சம் 1 மீட்டர் மேலே ஏறிவிடும். சாலையில் விழ வேண்டிய வெளிச்சம் ஆள் முகத்தில் விழும். நாளை பெட்டிகளை ஏற்றிக்கொண்டு வா."

ஹெட்லைட்டைச் சரிசெய்யும் முறை

மறுநாள் மாலை இருட்டியதும் சுமையோடு வேலை தொடங்கியது. பாய் செய்தது இதுதான்:

1. டயர்களில் காற்றைச் சரிபார்த்தார். ஒரு டயரில் காற்று குறைந்தாலும் வெளிச்சம் சாயும். ஹெட்லைட் கண்ணாடியைத் துடைத்தார்.

2. சமமான தரையில், சுவருக்கு நேராக வண்டியை நிறுத்தினார். ஹெட்லைட்டுக்கும் சுவருக்கும் இடையே 5 மீட்டர் இருந்தது. ராஜு ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தார்.

3. தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்பகுதி வரை அளந்தார். 80 சென்டிமீட்டர் வந்தது. சுவரில் அதே உயரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். இரண்டு ஹெட்லைட்டுகளுக்கும் நேராகக் கோட்டில் ஒவ்வொரு புள்ளி வைத்தார்.

4. அந்தக் கோட்டுக்கு 5 சென்டிமீட்டர் கீழே இன்னொரு கோடு போட்டார். அதாவது ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் இறக்கம்.

5. டிம் விளக்கைப் போடச் சொன்னார். ஒரு ஹெட்லைட்டை அட்டையால் மறைத்து, மற்றதைப் பார்த்தார். வெளிச்சத்தின் மேல் விளிம்பு முதல் கோட்டுக்கும் மேலே இருந்தது!

6. ஹெட்லைட்டின் பின்னால் இருந்த திருகைத் திருப்புளியால் மெல்லத் திருப்பினார். விளிம்பு கீழ்க்கோட்டுக்கு இறங்கியது. இன்னொரு திருகு பக்கவாட்டில் திருப்புவதற்கு. பிறகு அடுத்த ஹெட்லைட்டையும் இதேபோல் சரிசெய்தார்.

சுவரில் வெளிச்சத்தின் வலது பாதி நேர்கோடாக இருந்தது. இடது பாதி சற்று மேலே ஏறியது.

"இது ஏன் பாய் கோணலாக இருக்கிறது?" என்று ராஜு கேட்டார்.

"கோணல் இல்லை, தம்பி. நாம் இடப்பக்கம் போகிறோம். இடது ஓரத்தில் நடப்பவர் நமக்குத் தெரிய வேண்டும். அதனால் அங்கே வெளிச்சம் கொஞ்சம் ஏறும். எதிரே வருபவர் வலப்பக்கம் வருகிறார். அவர் கண்ணில் படக்கூடாது. அதனால் அங்கே தாழ்ந்து நிற்கும்."

எல்லா வண்டிக்கும் ஒரே அளவு இல்லை. லாரியின் ஹெட்லைட் உயரத்தில் இருப்பதால் இறக்கம் இன்னும் அதிகம் வேண்டும். வண்டியின் கையேட்டில் உள்ள அளவே சரி. பல கார்களில் இதற்கென்று 0 முதல் 3 வரை எண் போட்ட ஒரு திருகுச் சக்கரம் ஓட்டுநர் அருகிலேயே இருக்கும். சுமை கூடக்கூட எண்ணைக் கூட்ட வேண்டும்.

சட்டம் சொல்வது

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 106ஆம் விதி இதைப் பற்றியது. விளக்கிலிருந்து 8 மீட்டர் தள்ளி வலப்பக்கமாக இருப்பவரின் கண் தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் இருந்தால், அந்தக் கண் கூசக்கூடாது. அப்படி வெளிச்சம் கீழே சாய்ந்திருக்க வேண்டும். முன்பு பல ஊர்களில் போலீசார் ஹெட்லைட்டின் நடுவில் கறுப்புப் பொட்டு ஒட்டினார்கள். அதுவும் இதற்காகத்தான்.

கண் கூசினால் என்ன ஆகும்?

பலத்த வெளிச்சம் பட்டதும் கண்ணின் பாவை சுருங்குகிறது. வெளிச்சம் போனதும் இருட்டுக்குப் பழகச் சில நொடிகள் ஆகும். வயதானவர்களுக்கு இன்னும் அதிக நேரம் ஆகும். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி 3 நொடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அந்த 50 மீட்டரும் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவது போலத்தான்.

இப்போது ராஜுவைப் பார்த்து யாரும் விளக்கை அணைத்துப் போடுவதில்லை. ஒரு விடியற்காலை அதே சாலையில் பால்காரர் எதிரே வந்தார். ராஜு டிம் போட்டார். சைக்கிள் ஆடாமல் அசையாமல் கடந்து போனது. பெரியவர் மணியை ஒருமுறை அடித்துவிட்டுப் போனார்.

நினைவில் கொள்வோம்

• எதிரே வண்டி வந்தால் டிம் போட வேண்டும். முன்னால் போகும் வண்டியைப் பின்தொடரும்போதும், தெருவிளக்கு உள்ள இடத்திலும் டிம் போதும்.
• எதிரே வருபவர் டிம் போடாவிட்டால் பழிக்குப் பழியாக பிரைட் போடக்கூடாது. வேகத்தைக் குறைத்து, சாலையின் இடது ஓரத்தைப் பார்த்து ஓட்ட வேண்டும்.
• கையேட்டில் உள்ள வாட் எண் கொண்ட பல்பையே வாங்க வேண்டும்.
• முன்கண்ணாடி அழுக்காக இருந்தால் கூச்சம் அதிகமாகும். தினமும் துடைக்க வேண்டும்.

விடை சொல்லுங்கள்

1. ராஜு டிம் போட்டும் பால்காரருக்குக் கண் கூசியது. அதற்கு இரண்டு காரணங்கள் என்ன?
2. சுமையோடு வரும்படி பாய் ஏன் சொன்னார்?
3. ஹெட்லைட்டின் உயரம் 90 செ.மீ. சுவர் 5 மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஒரு மீட்டருக்கு 1 செ.மீ. இறக்கம் வேண்டும். கீழ்க்கோட்டை எந்த உயரத்தில் போட வேண்டும்?
4. மணிக்கு 36 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி ஒரு நொடியில் 10 மீட்டர் ஓடும். 4 நொடியில் எத்தனை மீட்டர் ஓடும்?

செய்து பாருங்கள்

உங்கள் வீட்டிலோ தெருவிலோ உள்ள ஒரு வண்டியின் பல்பு பெட்டியை வாங்கிப் பாருங்கள். அதில் உள்ள எண்களைப் படித்து, நோட்டில் எழுதுங்கள். வண்டியின் கையேட்டில் உள்ள எண்ணோடு ஒத்துப் பாருங்கள்.