ராஜ்மகால் மலைக்குக் கிளம்பும் தங்கச்சிக்கு

சபை வாலிபர் குழுவோடு ஜார்கண்ட் போகப்போகிறாய். பெட்டியில் என்ன வைப்பது என்று போனில் கேட்டாய். அதைச் சொல்கிறேன். ஆனால் மனசில் என்ன வைத்துக்கொண்டு போகிறாய் என்பதைத்தான் முதலில் பேசணும், பாப்பா.

ஒரு வாரத்தில் ஊரையே மாற்றிவிட்டு வரலாம் என்ற நினைப்பு இருந்தால் அதை வீட்டிலேயே இறக்கி வைத்துவிடு. அந்த மலையில் வாழும் பஹாரியா மக்களோடு வருஷக்கணக்காகத் தங்கி, அவர்களுடைய மால்டோ பாஷை பேசி, அவர்களுக்கு வருகிற காய்ச்சலிலேயே தாங்களும் படுத்து எழுந்த மிஷனெரிகள் அங்கே இருக்கிறார்கள். அவர்கள் கைகளைத் திடப்படுத்தத்தான் நீ போகிறாய். நம்ம வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளின் தியாகத்தை மனதார மெச்சிவிட்டு, எங்களுக்கு நண்பர்களும் வேண்டும் என்று கேட்டார். அப்படிக் கேட்டவர், அதற்கு முந்தின வருஷமே தெலுங்கு படித்து தோர்ணக்கல் போய் ஊழியத்தில் இறங்கியிருந்தார். ஆகவே செய்தி தயாரிப்பதை அப்புறம் பார்த்துக்கொள். வணக்கம் சொல்ல, பெயர் கேட்க, சாப்பாடு நல்லாயிருக்கு என்று சொல்ல, மால்டோவில் நாலு வாக்கியத்தை மிஷனெரி அண்ணனிடம் இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்.

சில நாள் பகலில் ஊரே காலியாகக் கிடக்கும். மக்காச்சோளமும் காராமணியும் போட்டிருக்கிற மலைச்சரிவுக்கு எல்லாரும் போயிருப்பார்கள். கூட்டம் இல்லையே என்று சோர்ந்துபோகாதே. வீட்டில் இருக்கிற பாட்டி பக்கத்தில் உட்கார். அவள் கொடுப்பதைச் சாப்பிடு. ஜெபிக்கட்டுமா என்று கேட்டு, சரி என்றால் மட்டும் ஜெபம் பண்ணு.

குழுவுக்குச் சமைத்துப் போடப்போகிற மிஷனெரி அக்காவை யாரும் நினைப்பதில்லை. எனக்கு ரொம்ப வருத்தமான விஷயம் இது. என்ன வேண்டும் என்று அவளிடமே கேள். புளி, குழம்புப் பொடி, சுண்டவற்றல், உடன்குடி கருப்பட்டி என்று ஆசையாகச் சொல்லுவாள். அவர்கள் பிள்ளைகள் டோனாவூர் சந்தோஷ வித்யாலயாவில் படித்தால், கிளம்புவதற்கு முன் ஒரு நடை போய்ப் பார். பிள்ளை கைப்பட எழுதின கடிதம் ஒன்றை வாங்கிக்கொண்டு போ. பெட்டியில் அதைவிட நல்ல சாமான் வேறு இருக்காது. அங்கே போனதும் பாத்திரம் தேய்க்க, தண்ணீர் தூக்க நீயே முந்திக்கொள்.

பிள்ளைகளுக்கு மிட்டாய், துணி என்று உன் இஷ்டத்துக்கு அள்ளிக் கொடுக்காதே. மருந்து மாத்திரையும் அப்படித்தான். ஆசை காட்டி மதம் மாற்றுவது ஜார்கண்டில் 2017-ம் வருஷச் சட்டப்படி குற்றம். நீ அன்பாகக் கொடுத்தது, நீ ஊர் திரும்பின பிறகு அந்த அண்ணன் தலையில்தான் விடியும். கொடுக்க ஆசையா, அவரிடம் கேட்டு அவர் சொன்னபடி செய். கேட்காமல் போட்டோ எடுக்காதே. ஜெபிக்கும்போது அழுகிற முகத்தைக் கேட்டுக்கூட எடுக்க வேண்டாம். ஸ்டேட்டஸில் போடுவதற்கு அது உன் கண்ணீர் இல்லை.

இனி உடம்பு. அந்த மலைப்பக்கம் மூளையைத் தாக்கும் ஃபால்சிபேரம் மலேரியா உண்டு. மணல் ஈ கடித்து வருகிற காலா அசாரும் உண்டு. கொசுவலை, முழுக்கை சட்டை, கொசுக்கடிக்குத் தடவும் க்ரீம் கட்டாயம். வலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிவிட்டுப் படு. தடுப்பு மாத்திரைக்கு டாக்டரை முன்கூட்டியே பார். டாக்சிசைக்ளின் கொடுத்தால், போவதற்கு முன்பே தொடங்கி, திரும்பி வந்தும் 4 வாரம் விடாமல் போடணும். ஊருக்கு வந்தாச்சே என்று பாதியில் நிறுத்தாதே. பிறகு எப்போது காய்ச்சல் வந்தாலும், மாசங்கள் கழித்து வந்தாலும் சரி, வெறும் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போ. ராஜ்மகால் மலையில் தங்கியிருந்தேன் என்பதை டாக்டரிடம் முதல் வார்த்தையாகச் சொல்.