சிரங்கு ஆறிய பிறகு

புதுக்கோட்டைப் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் ஏழு வயதுப் பையன் ஒருவன் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலில் வந்த சிரங்கு ஆறி மூன்று வாரமாகிறது. ஒரு நாள் காலையில் கண்ணிமைகள் வீங்கி எழுந்திருக்கிறான். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது. "உடம்புச் சூடுதான், இரண்டு இளநீர் கொடு" என்கிறார் பாட்டி. கொடுக்கலாமா?

கூடாது. காரணத்தைப் பார்ப்போம்.

சிரங்குப் புண்ணில் குடியேறும் கிருமிகளுள் ஒன்று ஸ்ட்ரெப்டோகாக்கஸ். அதை எதிர்க்க நம் உடல் எதிர்ப்பொருள்களை உண்டாக்குகிறது. கிருமியின் துணுக்குகளும் எதிர்ப்பொருள்களும் ஒட்டிக்கொண்டு சிறுநீரகத்தில் படிந்துவிடுகின்றன. ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழ 10 லட்சம் நுண்வடிகட்டிகள் உண்டு என்பதைப் படித்திருப்பீர்கள். படிவு விழுந்த வடிகட்டிகள் அழற்சி கொள்கின்றன. சிவப்பணுக்கள் சிறுநீரில் கசிகின்றன. உப்பும் நீரும் உடலிலேயே தங்குகின்றன. இரத்த அழுத்தம் மிகவும் ஏறினால் வலிப்புகூட வரலாம். இளநீரிலோ பொட்டாசியம் அதிகம். அதை வெளியேற்றும் வலிமை அப்போது சிறுநீரகத்துக்கு இல்லை.

இதை இரத்தத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? எதிர்ப்பொருளுக்குத் துணை நிற்கும் புரதங்கள் சில நம் இரத்தத்தில் உள்ளன. காம்ப்ளிமென்ட் என்று பெயர். இவை பற்றி ஆராய்ந்த பெல்ஜிய அறிஞர் ஜூல்ஸ் போர்டேக்கு 1919ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு கிடைத்தது. இவற்றுள் சி-3 என்ற புரதம் இந்த அழற்சியில் வேகமாகச் செலவழிகிறது. ஆகவே, இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும். முகவீக்கத்தோடு வரும் இன்னொரு நோயான நெஃப்ராட்டிக் நோய்த்தொகுதியில், சிறுநீரில் புரதம் ஏராளமாகப் போகும். சி-3 பெரும்பாலும் இறங்காது. இரண்டுக்கும் மருத்துவம் வேறு. நெஃப்ராட்டிக் குழந்தைக்கு ஸ்டீராய்டு தருவார்கள். நம் பையனுக்குப் பொதுவாக அது தேவையில்லை.

கிருமி வந்துபோனதற்கும் தடயம் உண்டு. தொண்டைப் புண்ணுக்குப் பிறகு ஏ.எஸ்.ஓ. என்னும் எதிர்ப்பொருள் உயரும். தோல் புண்ணிலோ, கிருமியின் நச்சைத் தோலிலுள்ள கொழுப்பு பிடித்துக்கொள்வதால் அது அவ்வளவாக உயராது! அங்கே டி.என்.ஏஸ்-பி எதிர்ப்பொருளைத் தேடுவதே சரி.

வீக்கம் சில நாட்களில் வடிந்துவிடும். பையன் பள்ளிக்கும் போகத் தொடங்குவான். ஆனால் மருத்துவர் எட்டு வாரம் கழித்து மறுபடியும் இரத்தம் கேட்பார். அதற்குள் சி-3 பழைய அளவுக்குத் திரும்பியிருக்க வேண்டும். திரும்பாவிட்டால் இது சிரங்கு விட்டுச்சென்ற தொல்லையாக இல்லாமல், லூபஸ் போன்ற நெடுநாள் நோயாக இருக்கலாம். அப்போது சிறுநீரகத்தில் ஊசியால் துளி சதை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்.