500 வாட் என்று போட்டிருந்தால் காணுமா?

2022 செப்டெம்பரில் எதீரியம் நாணயத்தைக் கிராபிக்ஸ் கார்ட் வைத்துத் தோண்டும் வேலை முடிவுக்கு வந்தது. அதுவரை இரவுபகலாக ஓடிய கார்ட்கள் உலகமெங்கும் மலிவு விலைக்குச் சந்தையில் குவிந்தன. ஆர்எக்ஸ் 580 போன்றவை இப்போதும் கைமாறிக்கொண்டிருக்கின்றன. மன்னார்ப் பெரியமடுவில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் ஒருவருக்கோ, கேம் விளையாடும் பெடியனுக்கோ இது நல்ல பேரம்தான். ஆனால் கார்ட் போய் அமரும் கேசிங்குக்குள் பத்து வருடப் பழைய பவர் சப்ளை இருக்கும். பேச்சு அங்கேதான் தொடங்குகிறது.

“500 வாட் எண்டு போட்டிருக்கு, காணும்.” இந்த நம்பிக்கைதான் அதிகம் கெடுக்கிறது. அந்த 500 என்பது 3.3, 5, 12 வோல்ட் தடங்கள் எல்லாவற்றையும் சேர்த்துச் சொல்லும் கணக்கு. கிராபிக்ஸ் கார்ட் கேட்பதோ ஏறக்குறைய முழுவதும் 12 வோல்ட்டை. ஒருகாலத்தில் கம்பியூட்டரின் பெரும்பாரம் 5 வோல்ட்டில் இருந்தது. 2003இல் வந்த ஏடிஎக்ஸ்12வி 2.0 விதி அதை 12 வோல்ட்டுக்கு மாற்றியது. கேசிங்கோடு சேர்த்துக் கிடைக்கும் மலிவு பவர் சப்ளைகளில் பல அதற்குப் பிறகும் பழைய வழக்கத்தை விடவில்லை. ஆகவே பெரிய எழுத்தை விட்டுவிட்டு, பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட்டுக்கு நேரே உள்ள அம்பியரைப் பாருங்கள். 20 அம்பியர் என்றால் 240 வாட். ஆர்எக்ஸ் 580க்கு 185 வாட், சாதாரண புரொசசருக்கு 65 வாட். விசிறியையும் டிஸ்க்கையும் சேர்க்க முன்னமே 250 ஆகிவிட்டது! 12வி1, 12வி2 என்று இரண்டு தடம் போட்டிருந்தால் இரண்டையும் கூட்டிக் கணக்குப் பார்க்கவும் கூடாது. இரண்டுக்கும் சேர்த்து ஓர் உச்சவரம்பு கீழே தனியாக அச்சிடப்பட்டிருக்கும். அது இல்லாத ஸ்டிக்கரை நான் நம்புவதில்லை.

அடுத்தது, கார்ட் கேட்கும் எட்டுப் பின் வயர் பழைய பவர் சப்ளையில் இல்லாதபோது மாட்டும் கன்வெர்ட்டர். “எட்டுப் பின் இல்லாட்டி என்ன, சாட்டாவில இருந்து எடுக்கலாம்” என்பார்கள். கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைப்பதால் பாதுகாப்பானது என்று எண்ணம். டிஸ்க்குக்கான சாட்டா பிளக்கில் 12 வோல்ட்டுக்கு மூன்று பின்கள், ஒவ்வொன்றும் 1.5 அம்பியர். ஆக மொத்தம் 54 வாட். எட்டுப் பின் தலையோ 150 வாட் வரை இழுக்க உரிமை உள்ளது. இழுத்தால் பிளக் உருகும், சிலவேளை தீயும் பிடிக்கும். “அதிகமா இழுத்தா பவர் சப்ளை தானா நிண்டிடும்தானே?” நிற்காது. அதன் பாதுகாப்புச் சுற்று பார்ப்பது முழுத் தடத்தின் அம்பியரை. ஒரு சின்னப் பின் சுட்டுக் கருகுவது அதன் கண்ணுக்குத் தெரியாது. நான்கு பின் மொலெக்ஸ் இரண்டை ஒன்றாக்கும் கன்வெர்ட்டர் சற்றே மேல், அதுவும் இரண்டு தலையும் வெவ்வேறு வயரிலிருந்து வந்தால்தான்.

பிளக் சூடாவது பழைய பவர் சப்ளைக்கு மட்டும் உரிய நோயல்ல. 450 வாட் குடிக்கும் ஆர்டிஎக்ஸ் 4090இன் புதிய 16 பின் பிளக்குகள் 2022 ஒக்டோபரில் உருகியதாகச் செய்திகள் வந்தன. பிளக்கை முழுதாக உள்ளே தள்ளாததே முக்கிய காரணம் என்று என்விடியா சொன்னது.

இன்னொரு பவர் சப்ளையின் கழற்றக்கூடிய வயரை எடுத்து மாட்டுவதும் கூடாத வேலை. கார்ட் பக்கத்துத் தலைதான் எல்லாவற்றுக்கும் பொது. பவர் சப்ளை பக்கத்தில் பின் வரிசை கொம்பனிக்குக் கொம்பனி மாறும். பிழையாக மாட்டினால் கார்ட்டோ டிஸ்க்கோ அந்த நொடியே போய்விடும்.

“750 வாட் போட்டா கரண்ட் பில் எகிறும்” என்ற பயம் வீட்டுக்காரருடையது. உள்ளே 300 வாட் தேவை என்றால் 750 வாட் பவர் சப்ளையும் அந்த 300ஐத்தான் கொடுக்கும். 70 சதவீதத் திறனுள்ள பழையது அதற்காகச் சுவரிலிருந்து 429 வாட் இழுக்கும். 90 சதவீதமுள்ளது 333. திறன் கூடியதென்றால் பெரியதாலும் பில் குறையத்தான் செய்யும். வீட்டு லைன் தாங்காது என்பாருக்கும் ஒரு கணக்கு: 13 அம்பியர் பிளக்கில் 230 வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட 3,000 வாட். மன்னார்த் தீவில் தம்பபவனியின் 30 காற்றாலைகளும் சேர்ந்து 103.5 மெகாவாட் தந்தாலும், கேசிங்குக்குள் இருக்கும் 12 வோல்ட் தடம் ஒரு வாட்கூட அகலாது.

“ஓன் ஆயிட்டுது, கேமும் ஓடுது” என்பதும் சான்றல்ல. கார்ட் இழுப்பது சீராக இருக்காது, நொடியின் மிகச் சிறு பகுதிக்குத் திடீரென எகிறும். 2022இன் ஏடிஎக்ஸ் 3.0 விதி 100 மைக்ரோ செக்கனுக்கு இருமடங்கு வரை தாங்கச் சொல்வது இதற்காகத்தான். பழைய பவர் சப்ளை அந்த எகிறலில் சட்டென்று அணைந்துவிடலாம். அதோடு மன்னார் வெயில் வேறு. 10 பாகை கூடினால் கப்பாசிற்றரின் ஆயுள் பாதியாகும் என்பது இலத்திரனியல்காரரின் பழைய கணக்கு. யூபிஎஸ்ஸையும் மறக்க வேண்டாம்: 650 விஏ என்றால் பெரும்பாலும் 360 வாட் அளவுதான்.

டெல் ஆப்டிப்ளெக்ஸ் 9020 டவர் போன்ற அலுவலகக் கம்பியூட்டர் வைத்திருப்போருக்குச் சிக்கல் வேறு. அதன் 290 வாட் பவர் சப்ளை மதர்போர்டோடு தனி எட்டுப் பின் தலையால் இணைவதால், சந்தைப் பவர் சப்ளை நேராகப் பொருந்தாது. அவர்களுக்குத் தனி வயரே கேட்காத கார்ட்தான் நல்லது. ஸ்லொட் மட்டுமே 75 வாட் தரும். ஜிடிஎக்ஸ் 1650இல் பல மாடல்களும் 2024இல் வந்த 6 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3050உம் அதற்குள் அடங்கும். சில 1650களில் ஆறு பின் தலை இருக்கும், பார்த்து வாங்குங்கள். கேசிங் ஒடுங்கியதென்றால் அரை உயரக் கார்ட்தான் உள்ளே போகும்.